நாற்பத்தொன்று

இது கட்டிவிட்ட கதை அல்ல. இரவிலும் நடக்கவில்லை. பட்டப்பகலில், ஒன்பது பேர் வேலை செய்யும் அலுவலகத்தில், என் மேசையில் நடந்தது. நேரங்களைக் குறித்து வைத்திருக்கிறேன். எழுதக் கூசுகிறது. இருந்தாலும் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

படுத்த படுக்கையாகிவிட்டவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்களுக்காக எங்கள் நிறுவனம் ஓர் இணையக் குழு நடத்தியது. எத்தனை பேர் எழுதினார்கள், ஒரு பதிவுக்குக் கீழே பேச்சு எவ்வளவு நீண்டது என்று வாராவாரம் எண்ணுவதும், அந்த எண்ணிக்கையை உயர்த்துவதும் என் வேலை. முதல் பதில் உடனே கிடைத்தால் எழுதியவர் மேலும் எழுதுகிறார் என்று கண்டுபிடித்தேன். ஆகவே 'பக்கத்து வீடு' என்று ஒரு பொய் உறுப்பினரை உண்டாக்கினேன். ஆள் கிடையாது. யார் எதை எழுதினாலும் தானாகவே ஒரே பதிலைப் போடும்: "நான் இருக்கேன், சொல்லுங்க."

ஒரு செவ்வாய்க்கிழமை 'ஜன்னலோரம்' என்ற பெண் தன் பதிவுக்குக் கீழே நாற்பத்தொரு முறை எழுதியிருந்தார். நான் எண்ணை மட்டும் பார்த்தேன். படிக்கவில்லை. மறுநாள் கூட்டத்தில் பெருமையாகக் காட்டினேன்.

"அடேங்கப்பா! என்ன சொக்குப்பொடி போட்டீங்க?" என்றார் மேலாளர்.

"எல்லாம் நம்ம பக்கத்து வீடுதான் மேடம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அடுத்த செவ்வாய். மதியம் 3.10. என் திரையில் அந்த எண் மாறியது. நாற்பத்திரண்டு... நாற்பத்து மூன்று...

முதன்முறையாக அந்தப் பதிவைத் திறந்து மேலிருந்து படித்தேன்.

"எனக்கு நெஞ்ச அடைக்குது. யாராச்சும் இருக்கீங்களா?"

"நான் இருக்கேன், சொல்லுங்க."

"இது வெறும் வாயுவா? ஆம்புலன்ஸக் கூப்பிடணுமா?"

"நான் இருக்கேன், சொல்லுங்க."

3.12க்குப் பக்கத்து வீட்டை நிறுத்தினேன்.

3.13. 'ஜன்னலோரம் எழுதிக்கொண்டிருக்கிறார்...'

"இருக்கீங்களா?"

நானே தட்டினேன். "இருக்கேன்மா."

"இல்ல."

டக். அடுத்த வரி விழுந்தது.

"அன்னைக்கும் இல்ல."

மேசையில் தொலைபேசி அலறியது. 3.14.

"குழு ஆபீஸா சார்? ஜன்னலோரம்னு எழுதுவாளே, அவ தம்பி பேசுறேன். போன செவ்வாய்க்கிழமை அக்கா தவறிட்டா சார். அம்மா கட்டில்ல கிடந்தபடியே 'யாரையாவது கூப்பிடுடி'ன்னு கத்தியிருக்காங்க. 'பக்கத்து வீட்ல பேசிட்டுத்தாம்மா இருக்கேன்'னாளாம்." குரல் உடைந்தது. "உங்க குழுவுல அந்தப் 'பக்கத்து வீடு' கடைசி வரைக்கும் கூடவே இருந்திருக்காங்க சார். அவங்களுக்கு ஒரு நன்றி சொல்லணும். யார் சார் அது?"

"தெரியலையே தம்பி," என்றேன்.

ஆம். அப்படித்தான் சொன்னேன்.

"எத்தனை மணிக்கு...?"

"மூணு பத்து. அம்மா கடிகாரத்தப் பாத்திருக்காங்க. சரிஞ்சப்பவே ஃபோனும் கீழ விழுந்து சுக்குநூறாப் போச்சு."

திரையைப் பார்த்தேன். புதிய வரிகள் இல்லை. எண், பழையபடி நாற்பத்தொன்று.

அன்று மாலை, சென்ற வாரம் அவர் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் உரிய நேரத்தைத் தாளில் எழுதினேன். 2.31க்குத் தொடங்குகிறது. பன்னிரண்டாவது வரி, 3.09.

மீதி இருபத்தொன்பதும் 3.10க்குப் பிறகு எழுதப்பட்டவை. எல்லாம் ஒரே வரி.

"இருக்கீங்களா?"

ஒவ்வொன்றுக்கும் கீழே என் பதில் இருந்தது.