அவர் வகுப்பு எடுத்த புதன்கிழமை

ஸ்ரீரங்கத்தில் எங்கள் புதன்கிழமை வகுப்புக்கு வாத்தியார் கிடையாது. வருகிற எல்லாரும் வாத்தியார்தான். ரிட்டயர் ஆன இருபது இருபத்தைந்து பேர் உத்திர வீதியில் ஒரு வீட்டு மாடியில் கூடுவோம். வாரம் ஒருவர் பாடம் எடுப்பார், மற்றவர்கள் கற்றுக்கொள்வோம். பார்த்த உத்தியோகத்தைப் பாடமாக எடுக்கக் கூடாது, ஓய்வுக்குப் பிறகு புதிதாகக் கற்றதைத்தான் சொல்லித்தர வேண்டும் என்பது சட்டம். முறை வந்துவிட்டால் யாருக்கும் விலக்கு இல்லை.

இந்தச் சட்டத்தைப் போட்டவர் அந்த வீட்டுக்கார அம்மாள். காலேஜில் சம்ஸ்கிருதம் நடத்தியவர். எங்கள் எல்லாருக்கும் அவர் மாமி. சட்டத்துக்குக் கட்டுப்பட்டு மாமி எங்களுக்குச் செஸ் சொல்லித்தந்தார். உறையூரிலிருந்து வரும் தபால்காரர் மொட்டை மாடியில் நட்சத்திரம் காட்டினார். நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள். என் முறைக்குக் குக்கரில் கேக் செய்வது எப்படி என்று பாடம் எடுத்தேன். அடி கருகிவிட்டது. பாவம், மரியாதைக்குச் சாப்பிட்டார்கள்.

என் வீட்டுக்காரர் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபோர்மேனாக இருந்தவர். அத்தனை இரைச்சலிலும் அவர் குரல் தனியாகக் கேட்கும் என்பார்கள். ரிட்டயர் ஆன சில வருஷத்தில் பக்கவாதம் வந்தது. கால் தேறிவிட்டது, கையும் ஓரளவு தேறிவிட்டது. பேச்சுதான் திரும்பவில்லை. நாம் சொல்வதெல்லாம் புரியும். சொல்ல வேண்டியது என்னவென்றும் தெரியும். வார்த்தை மட்டும் வாய்க்கு வராது. கே.கே. நகரில் எங்கள் வீட்டு காலிங் பெல் அடித்தால் உள் அறைக்குப் போய்விடுவார். கூட வேலை பார்த்தவர்கள் பார்க்க வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வெளியே வருவது புதன்கிழமை ஒருநாள்தான், அதுவும் நான் இழுத்துக்கொண்டு வருவதால். கடைசி வரிசையில் உட்காருவார். இதுவாவது இருக்கிறதே என்று நான் நிம்மதியாக இருந்தபோது அவருடைய முறை வந்து தொலைத்தது.

வகுப்பு கலைகிற நேரத்தில் மாமியிடம் போய் நின்றேன்.

"மாமி, இவரை விட்டுடுங்க. இவருக்குப் பதிலா நானே இன்னொரு தடவை எடுத்துடறேன்."

"அவர்கிட்ட கேட்டேளா?" என்றார் மாமி.

"கேட்டா பதில் சொல்ற நிலைமையிலயா இருக்காரு?"

"அப்போ முடியாதுன்னு நீங்களா எப்படி முடிவு பண்ணினேள்?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. மனுஷியா இவள்! செஸ் பலகையைத் தூக்கி ஜன்னல் வழியாக எறியலாமா என்றுகூடத் தோன்றியது. பஸ் ஏறும் வரை மாமியைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் சைகையால் என்னைக் கூப்பிட்டு நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். நான் எடுக்கிறேன் என்கிறார். வேண்டாங்க என்றேன். அவர் வாசல் கதவுக்குப் போனார். அதைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது. ஒரே ஒரு தடவை முயற்சி செய்வார். அது கெட்டுப்போனால் அதற்கப்புறம் புதன்கிழமையும் கிடையாது, வெளியே ஒரு மனிதரைப் பார்ப்பதும் கிடையாது. அந்த வாரம் முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

புதன்கிழமை சலவைச் சட்டை போட்டுக்கொண்டு முன்னால் போய் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான்... இன்னிக்கு..."

அவ்வளவுதான், நின்றுவிட்டது.

அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் பள்ளிக்கூட வாத்தியார்கள், மீதியில் பலரும் ஆபீசர்கள். ஒருவர் திணறினால் எடுத்துக் கொடுத்தே பழகிய ஜனங்கள். சும்மா இருப்பார்களா?

"ரயில் பத்தியா சார்?"

"யோகாவா?"

"இன்னிக்கு... கிழமையைச் சொல்ல வர்றீங்களா?"

எல்லாம் நல்ல மனசுதான். ஆனால் அவர் ஒவ்வொரு தடவை வாயைத் திறக்கும்போதும் அதற்குள் நாலு வார்த்தை வந்து விழுந்தது. இருக்கிறதிலேயே பெரிய குரல் பின்வரிசையிலிருந்து வந்தது. அது நான்தான். "மெதுவா சொல்ல விடுங்க! அவரு என்ன சொல்ல வர்றாருன்னா..." என்று ஆரம்பித்திருந்தேன். அவர் நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. கண் படிக்கட்டுப் பக்கம் போனது. ஐயோ, முடிந்தது என்று பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

அப்போது இடது கையால் மேஜையில் ஓங்கி ஓர் அடி அடித்தார் பாருங்கள்! மாடியே அடங்கிப்போனது. என்னை ஒரு முறை முறைத்துவிட்டு, தொடையில் தட்டித் தட்டிப் பாட்டாக இழுத்தார்.

"பே... சா... தீங்... க."

ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. மறுபடியும் தட்டினார்.

"பேச... சொல்லி... தரப்... போறேன்."

வீட்டுக்கு வந்து ஸ்பீச் தெரபி கொடுக்கும் பெண் பழக்கியது அது. சும்மா சொன்னால் வராத வார்த்தை, தாளம் போட்டுப் பாடினால் சில நேரம் வந்துவிடும். என் எதிரில் செய்யக்கூட வெட்கப்பட்டு அறைக்குள்ளேயே செய்துகொண்டிருந்தவர் இவர். ரிட்டயர் ஆன பிறகு புதிதாகக் கற்றது அதுதானே! சட்டப்படி பார்த்தால் அசல் பாடம்.

அதற்கப்புறம் அவருக்குள் இருந்த பழைய ஃபோர்மேன் வெளியே வந்துவிட்டார். எல்லாரையும் தொடையில் தட்டச் சொன்னார். "காப்... பி... வே... ணும்" என்று அவர் இழுக்க, மொத்த மாடியும் இழுத்தது. கோர்ட்டில் பெரிய பதவியில் இருந்த ஒருவர் அவசரப்பட்டுத் தாளத்தை முந்தினார். என் வீட்டுக்காரர் அவரை எழுந்து நிற்க வைத்துத் தனியாகச் சொல்லச் சொன்னார். மாமியின் தாளம் பிசகியது. அவருக்கும் விலக்கு இல்லை! எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. காப்பி வேணும், காப்பி வேணும் என்று நாங்கள் போட்ட கூச்சலில் கீழே சமையல் செய்யும் அம்மாள் நிஜமாகவே காப்பி போட்டு எடுத்துக்கொண்டு மேலே வந்துவிட்டார்.

பாடம் முடிந்தால் கேள்வி கேட்பது வழக்கம். தபால்காரர் எழுந்தார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. பேச்சு வராம போனப்ப, எதைச் சொல்ல முடியலைன்னு ரொம்பத் தவிச்சீங்க?"

எனக்குத் தெரியாததா? துபாயில் இருக்கும் மகளோடு போனில் பேச முடியாததுதான். சொல்ல வாயைத் திறந்தேன். மாமி திரும்பிப் பார்த்தார். முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன். யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. காப்பி ஆறிக்கொண்டிருந்தது, எல்லாரும் காத்திருந்தார்கள். அவர் என் பக்கம் கையை நீட்டிக் காட்டினார். பிறகு தட்டினார்.

"இவ... கூட... சண்ட... போட... முடியல."

சிரிப்பில் மாடி அதிர்ந்தது. அந்தக் கோர்ட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். நான் சிரித்தேனா அழுதேனா என்று கேட்டால் இரண்டும்தான். எத்தனை நாளாக நான் மட்டும் பேசிக்கொண்டிருந்தேன்! எதிர்த்து ஒரு வார்த்தை கேட்காமல் வீடே எனக்குக் கசந்து கிடந்தது. சபையில் என் மானத்தை வாங்கிய அந்த மனுஷனை அப்படியே கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் இடம் கிடைத்தது. "நேரா வீட்டுக்குப் போயிடலாம், மாவு இருக்கு, ரெண்டு தோசை வார்த்துடறேன்" என்றேன். அவர் தலையை ஆட்டி மறுத்தார். பாலம் ஏறும்போது தட்ட ஆரம்பித்தார். "சத்... திரத்துல..." என்று வந்தது, வழியில் வரும் சத்திரம் பஸ் ஸ்டாண்டைத்தான் சொன்னார். அடுத்தது வரவில்லை. முன்சீட்டுப் பெண் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் அசையவில்லை. வெளியே காவேரி போய்க்கொண்டிருந்தது. "இறங்... கி..." மறுபடியும் நின்றது. எனக்கு நாக்கு துறுதுறுத்தது, ஆனாலும் பேசவில்லை. பாலம் முடிகிற இடத்தில்தான் மீதி வந்தது.

"ஹோட்டல்ல... சாப்... பிடலாம். உன் தோசை... வேணாம்."

"என் தோசைக்கு என்ன கேடு?" என்று சண்டைக்குப் போனேன். அவர் பதில் சொன்னார். நான் எதிர்த்துச் சொன்னேன். அவர் மறுபடியும் சொன்னார், பஸ்ஸில் அத்தனை பேரும் கேட்கும்படி. கடைசியில் ஜெயித்தது அவர்தான். சத்திரத்தில் இறங்கினோம்.