வெட்டவெளியில் என்ன புகை?

பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் என் கணவருக்கு மூச்சு இளைப்பு வந்ததால், "வெளிவேலை கொடுங்க" என்று போர்மேனிடம் சண்டை போட்டவள் நான்தான். சுற்றுச்சுவரை ஒட்டிய புல்லை வெட்டச் சொல்லி, தோளில் மாட்டும் பெட்ரோல் மெஷினைக் கொடுத்தார். வெட்டவெளி, நல்ல காற்று என்று நிம்மதியாக இருந்தேன்.

மூன்றாம் நாளே என் கணவர் தலைசுற்றி, வாந்தியெடுத்து விழுந்தார். எங்கள் ஊரில் எது வந்தாலும் பட்டாசு மருந்தின் மேல்தான் பழி. நானும் அப்படித்தான் நினைத்தேன். டாக்டரோ, "மெஷின் புகைம்மா. தோள்ல மாட்டினா அது மூக்குக்கிட்டயே கக்குது, சுவர் ஓரத்துல தேங்கியும் நிக்குது" என்றார்.

போர்மேனிடம் போய்க் கத்தினேன். "வெட்டவெளில என்னம்மா புகை?" என்று சிரித்தார்.

இப்போது என் கணவர் பன்னருவாளால்தான் புல் அறுக்கிறார். "வேலை மெதுவா நடக்குதே" என்கிறார் போர்மேன்.

"அம்புட்டு அவசரம்னா மெஷினை நீங்க தோள்ல மாட்டிக்கிட்டு ஒரு மணி நேரம் வெட்டுங்க" என்றேன்.

மனிதர் இன்னும் அதைத் தொடவில்லை.