பரண்மேல் ஒரு கலம் விதை

அரசாங்கம் அம்சத்துக்குக் கட்டிக்கொடுத்த வீட்டில் அடுக்களை எட்டடிக்கு ஐந்தடி. அடுப்புக்கு ஒரு மூலை, தண்ணீர்ப் பானைக்கு ஒரு மூலை போனால் மிச்சத்தில் ஒரு ஆள் குந்தலாம், அதுவும் முட்டி சுவரில் இடிக்கும். நெல்லை எங்கே வைப்பது, அரிசியை எங்கே வைப்பது என்று வரைபடம் போட்ட இன்ஜினியர் யோசிக்கவே இல்லை. இதுகளிடம் சேர்த்து வைக்க என்ன இருக்கப்போகிறது என்று நினைத்திருப்பார். பாதி உண்மைதான், கோபப்பட்டு என்ன செய்ய.

அம்சம் எனக்கு ஓரகத்தி. அவள் மூத்தவர் இராஜாங்கத்தைக் கட்டினாள், நான் அவர் தம்பியைக் கட்டினேன். வாயில் அக்கா என்றுதான் வரும். எழுதும்போது பேர் சொல்கிறேன், அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். பழைய குடிசையில் அவளுக்கு நெல் கொட்டிவைக்க ஆள் உயர மண்குதிர் ஒன்று இருந்தது. அது புது வீட்டு வாசலில் நுழையவில்லை. உடைத்து, அந்த மண்ணைக் குழைத்துப் புது அடுப்புப் போட்டாள்.

எழுபத்துமூன்றாம் வருஷம் ஆவணிக் கடைசி. குறுவை அறுப்புக்கு அரை மரக்கால் கூலி கூட்டிக் கேட்டு எங்கள் தெருவே அரிவாளைக் கூரையில் செருகிவிட்டது. பண்ணை வெளியூர் ஆளை இறக்கப் பார்த்தது. போலீஸ் வேன் வந்து இராஜாங்கத்தையும் இன்னும் நாலு பேரையும் ஏற்றிக்கொண்டு போனது. அவரவர் அரிசி அவரவர் வீட்டில் இருந்தால், முதலில் பானை காலியாகிறவன் முதலில் வேலைக்குப் போவான். அதனால் பதினொரு வீட்டுத் தானியமும் ஒரே இடத்துக்கு வர வேண்டும், ஒரே உலையில் கஞ்சி என்று சங்கத்தில் முடிவு செய்தார்கள். எங்கள் வீடுகள் எல்லாம் கூரை. ஒரு தீக்குச்சி போதும். அந்தப் பயம் அப்போது எல்லாருக்கும் இருந்தது. அரசாங்கம் பத்து வீடு என்று தொடங்கி, தளம் போட்டு முடித்தது அம்சத்தின் வீடு ஒன்றைத்தான். அவள் அடுக்களைதான் களஞ்சியம் என்றார்கள். சொன்ன ஆம்பளைகளில் ஒருத்தர்கூட அதற்குள் தலையை விட்டுப் பார்த்ததில்லை.

புதுத் தரை ஈரம் கக்கியது. அம்சம் செங்கல் பரப்பி, பலகை போட்டு, வைக்கோல் விரித்தாள். பெரிய பானைகளில் நெல், அதன்மேல் சின்னப் பானைகளில் அரிசி, அதற்கும் மேல் கலயங்களில் பயறு. பழைய அரிசி முன்வரிசை, புதுசு பின்வரிசை. பானைக்குப் பானை இடையில் நொச்சி இலை. உப்பு கசியும் என்று அது கதவோரம் போனது. கருவாட்டுப் பொட்டலம் ஜன்னல் கம்பியில் தொங்கியது. மண்ணெண்ணெய் புட்டிக்கு வாசலைத் தாண்டி அனுமதி இல்லை. கூத்தாநல்லூர் சைத்தூன் பீவி வீட்டில் நெல் குத்தப் போனபோது அந்த அம்மா கொடுத்த சிங்கப்பூர் பிஸ்கட் டின்கள் நாலு இருந்தன. அவற்றில் புளியும் மிளகாயும். இரண்டு நாள் வேலை. முடித்துவிட்டு அவள் வாசற்படியில் உட்கார்ந்தபோது, எழுந்திருக்க நான்தான் கை கொடுத்தேன்.

இத்தனைக்கும் மேலே, அடுப்புக்கு நேராக, இரண்டு பனஞ்சட்டத்தைச் சுவரில் செருகி ஒரு பரண். அதில் விதைக்கோட்டை. வைக்கோலில் பொதிந்து, புரி சுற்றி, சாணி மெழுகிய ஒரு கலம் சம்பா. உச்சவரம்பில் எடுத்த நிலத்தில் மூன்று மாவுக்கு, ஏறக்குறைய ஒரு ஏக்கருக்கு, இராஜாங்கம் பேரில் அந்தக் கோடையில்தான் பட்டா வந்தது. முதல் வருஷமே தரிசு போட்டால் பட்டாவைப் பிடுங்கிவிடுவார்கள் என்று ஊரில் பேச்சு. நிலம் வரும் என்று நம்பி, தை அறுப்புக் கூலியில் திரண்ட மணியாகப் பொறுக்கி அவள் கட்டிவைத்த கோட்டை அது. அடுப்புப் புகை பட்டால் விதையில் பூச்சி விழாது. எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான் வைப்போம். பொதுத் தானியத்தில் அது சேர்த்தி இல்லை என்று எல்லாரும் ஒப்புக்கொண்டோம். வயிறு நிறைந்திருந்த நாளில் ஒப்புக்கொண்டது.

நாற்பத்திரண்டு வாய். காலையில் ஒரு உலை, மத்தியானம் ஒரு உலை. அடுப்பு ஆறுவதற்குள் அடுத்த விறகு. அந்தச் சுவரில் கை வைத்தால் சுட்டது. அம்சத்தின் கண் இரண்டும் கோவைப்பழம். பானைகள் முன்வரிசை முடிந்து பின்வரிசைக்கு வந்தன. கஞ்சி தண்ணீராகிக்கொண்டே போனது. பதினெட்டாம் நாள் கடைசிப் பானையில் கை விட்டாள், விரலில் தவிடுதான் ஒட்டியது.

அன்று எங்கள் தெரு வைரக்கண்ணு பெண்சாதி தங்கம்மாள் வந்து நின்றாள். கைக்குழந்தைக்காரி, பால் வற்றிப்போயிருந்தது. பரணைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"மேல இருக்கறத அவுத்தா நாலு நாளு ஓடுமேக்கா. எம் புள்ள அழக்கூடத் தெம்பில்லாம கெடக்கு."

அம்சம் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "அது நெல்லு இல்ல தங்கம்மா. அதான் எங்க நெலம். நீ போ."

எனக்கு அம்சத்தின்மேல் ஆத்திரமாக வந்தது. ஆனால் நானும் அந்தக் குடும்பம்தான். அந்த மூன்று மாவில் என் பிள்ளைகளுக்கும் சோறு இருந்தது. வாயை மூடிக்கொண்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் காலை வைரக்கண்ணு கூரையிலிருந்து அரிவாளை உருவிக்கொண்டு பண்ணை வயலுக்குப் போனான். மற்றவர்கள் கிழங்கும் கீரையும் தின்று நின்றோம். இருபத்திரண்டாம் நாள் பண்ணை இறங்கி வந்து கால் மரக்கால் கூட்டிக் கொடுத்தது. ஜெயித்தோம் என்று கொடி கட்டினார்கள். வைரக்கண்ணுவுக்குக் கருங்காலி என்று பேர் விழுந்தது. அவன் வீட்டுக்கு நெருப்பில்லை, பேச்சில்லை.

நாற்று விட நாள் பிந்திக்கொண்டிருந்தது. இராஜாங்கம் ஜெயிலிலிருந்து வந்ததும் கோட்டையை இறக்கி, ஒரு நாள் வாய்க்காலில் ஊறவைத்து, சாக்கில் கட்டி, வைக்கோல் மூடிப் பாரம் வைத்தார்கள். மறுநாள் முளை வெள்ளையாகத் தலைநீட்ட வேண்டும். நீட்டவில்லை. மூன்றாம் நாள் பிரித்தால் புளித்த வாடைதான் வந்தது. அம்சம் ஒரு கை அள்ளி, மணி மணியாக நகத்தால் கீறிப் பார்த்தாள். ஒன்றில்கூட உயிர் இல்லை.

பழைய குடிசையில் கூரை உயரம், அடுப்பில் நாலு பேர் கஞ்சி. மேலே புகை மட்டும்தான் போகும். இங்கே தளம் தலையில் இடிக்கும். அதன் அடியில் நாற்பத்திரண்டு பேருக்கு இரவு தவிர ஓயாத நெருப்பு. தெருவுக்குக் கஞ்சி காய்ச்சிய அதே அடுப்புதான் விதையை அவித்திருந்தது. எங்களில் ஒருத்திக்கும் அது தோன்றவில்லை. வழக்கம் என்றால் வழக்கம், அவ்வளவுதான்.

அம்சம் அழவில்லை. அந்த நெல்லைப் புழுக்கி, காயவைத்து, குத்தி, கஞ்சி வைத்தாள். முதல் கலயத்தை எடுத்துக்கொண்டு நேராக வைரக்கண்ணு வீட்டுக்குப் போனாள். தெரு பார்த்தது. நான் பின்னாலேயே போனேன். தங்கம்மாள் கதவருகே பிள்ளையை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தாள். பிள்ளை பிழைத்துவிட்டது, ஆனால் கழுத்து நிற்கவில்லை.

"வெத செத்துப்போச்சு தங்கம்மா. நீ வந்து கேட்டப்பவே செத்துத்தான் கெடந்துருக்கும்," என்றாள் அம்சம். "செத்த நெல்லுக்குக் காவ இருந்துட்டு ஒன்னத் தொரத்திட்டேன்."

தங்கம்மாள் கலயத்தை வாங்கிக்கொண்டாள். "சம்பாவுக்கு என்னக்கா பண்ணுவீங்க?" என்று கேட்டாள்.

நடவுக்குப் போன வயல்களில் மிஞ்சிய நாற்று முடிகளைக் கேட்டு வாங்கி நட்டோம். ஒரே வயலில் ஐந்து ரக நெல். ஒன்று பழுக்கும்போது ஒன்று பச்சையாக நிற்கும். பட்டா கைவிட்டுப் போகாமல் தப்பியது. தை அறுப்பில் கண்டது கொஞ்சம்தான், அதிலும் விதைக்கென்று அம்சம் பொறுக்கிக் கோட்டை கட்டினாள். அதைத் தன் அடுக்களைக்குக் கொண்டுபோகவில்லை. இடுப்பில் வைத்துத் தங்கம்மாள் வீட்டுக்குச் சுமந்துபோய், அடுப்புக்கு எதிர்மூலையில் செங்கல் அடுக்கி இறக்கினாள்.

"இங்கயே இருக்கட்டும்," என்றாள். "புள்ள அழுதா யாரயும் கேக்காத. அவுத்துடு."