பந்தலில் உட்கார்ந்திருந்த பெரியவர்

எண்பதுகளின் தொடக்கம். ஊத்தங்கரையிலிருந்து ஓசூருக்கு வேலைக்கு வந்து எனக்கு ஆறு மாதம்கூட ஆகவில்லை. பக்கத்து லேத்தில் நின்றவர் கன்னடம் பேசும் லிங்காயத்துக்காரர். அவருடைய அப்பா இறந்துவிட்டதாக ஒருநாள் காலையில் செய்தி வந்தது. ஷிப்ட் முடிந்ததும் நானும் எங்களோடு வேலை செய்த பாயும் ஒரு ரோஜா மாலையோடு தேன்கனிக்கோட்டை பஸ் ஏறினோம்.

வாசல் பந்தலில் ஒரு பெரியவர் தலைப்பாகையும் நெற்றி நிறைய விபூதியுமாகச் சம்மணமிட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். இறந்தவரின் தம்பி போலிருக்கிறது, பிணம் உள்ளே கிடக்கும் என்று நினைத்தேன். குனிந்து கைகூப்பினேன்.

"ஐயா, எப்படி ஆச்சு? ரொம்ப நாளா முடியாம இருந்தாரா?"

பதில் இல்லை. துக்கத்தில் இருக்கிறார் என்று குரலை உயர்த்தினேன். "மனசத் தேத்திக்குங்க. வயசானா எல்லாருக்கும் வர்றதுதான."

பாய் பின்னாலிருந்து என் சட்டையை இழுத்தார். "யோவ், செத்ததே அவருதான்யா!"

லிங்காயத்துகள் உட்காரவைத்தே அடக்கம் செய்வார்கள் என்பது எனக்குத் தெரியாது. அழுது வீங்கிய கண்ணோடு நண்பர் வந்தார். "அப்பாக்குக் காது மந்தம். நாலு வருசமா யாரு கேட்டாலும் பதில் சொல்றதில்ல," என்றவர் சிரித்துவிட்டார். சிரித்துவிட்டோமே என்று மறுபடி அழுதார்.

தோட்டத்தில் குழி வெட்டி, அதன் பக்கச் சுவரில் மாடம்போலக் குடைந்திருந்தார்கள். உயரம் போதுமா என்று வெட்டியவர்களுக்குச் சந்தேகம். ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நம்ம ஐயா அளவுதான் இவரு. எறங்கிக் கூத்கொள்ளி சுவாமி, தலை இடிக்குதான்னு பாத்துக்கலாம்."

பந்தலில் நான் செய்த காரியத்துக்குப் பிறகு மறுக்கத் தைரியமில்லை. இறங்கி உட்கார்ந்தேன். இடித்தது. இன்னும் ஒரு சாண் வெட்டலாமா என்று மேலே மூன்று பாஷைகளில் விவாதம் நடந்தது. என்னை மறந்தே போனார்கள். எட்டு மணி நேரம் லேத்தின்முன் நின்ற கால்களுக்கு, உண்மையைச் சொன்னால், அந்தக் குளிர்ச்சி சுகமாகவே இருந்தது.

பாய்தான் கை கொடுத்தார். "எங்காளுங்க படுக்க வெப்பாங்க, உங்காளுங்க கொளுத்துவாங்க. இங்க உனக்கென்ன வேலை? ஏறி வாய்யா."

அடக்கம் முடிந்ததும் குளிக்கக் கிணறு எங்கே என்று கேட்டேன். "எங்களுக்குத் தீட்டெல்லாம் இல்லண்ணா. ஒக்காந்து சாப்பிடுங்க," என்றார் நண்பரின் தங்கை. சட்டைக்காலரில் குழிமண்ணோடு சாப்பிட்டேன்.

நாங்கள் குடியிருந்த மூக்கண்டப்பள்ளியில் என் மனைவிக்குத் தீட்டு உண்டு. வாசலிலேயே நிறுத்தி ஒரு குடம் தண்ணீரைத் தலையில் கொட்டினாள். சட்டைப்பையிலிருந்த கம்பெனி கேட் பாஸ் கூழாகிவிட்டது. மறுநாள் வாட்ச்மேன் என்னை அரைமணி நேரம் உள்ளே விடவில்லை.