கசப்பு கூடின சீந்தில்

ஆரியசாலையில் நாட்டுமருந்துக் கடை வைத்திருக்கும் நெல்லையப்பனுக்கு மருந்தென்றால் பயம். சீந்தில்கொடி வாங்க வருகிறவர்களிடம், "ஆன்டிஆக்ஸிடன்ட் நெறைய இருக்காக்கும். உடம்பு உள்ளுக்குள்ள துருப்பிடிக்காது" என்பார், துருப்பிடித்த தராசின் அருகே உட்கார்ந்துகொண்டு.

சரக்கு வந்தால் தண்டின் நுனியைக் கடித்துத் துப்புவார். கசப்பு கூடக் கூட வீரியம் என்பது அந்தத் தெருவின் கணக்கு. போன மாசம் வந்த கட்டு ஒன்றில் தண்டெல்லாம் முண்டும் முடிச்சுமாக இருந்தது. கசப்போ நாக்கைப் பிடுங்கியது. முதல்தரம் என்று வீட்டுக்கே கொண்டுபோய்விட்டார். தினமும் காலையில் மனைவி பார்வதியம்மாள் கஷாயம் வைத்துக் குடித்தாள்.

இப்போது அவள் கண் மஞ்சளாகியிருந்தது.

கிழக்கேகோட்டை கிளினிக்கில் டாக்டர் சபீனா ரத்தப் பரிசோதனையைப் பார்த்து முகம் சுருக்கினாள். "லிவர் மோசமாணு. அம்மே, பச்சமருந்து ஏதாவது குடிச்சோ?"

பார்வதியம்மாள் கணவனைப் பார்த்தாள். "ஒண்ணும் இல்ல டாக்டரே. சோறும் கறியும்தான்."

கடையைக் காப்பாற்றுகிறாள் என்று அவருக்குப் புரிந்தது. சொன்னால், மருந்துக்காரன் பெண்டாட்டிக்கே மருந்து வச்சான் என்று அந்திக்குள் சாலை முழுக்கச் சிரிக்கும். சொல்லாவிட்டால் டாக்டர் வேறு எதற்கோ வைத்தியம் பார்ப்பாள். மேசைமேல் கிடந்த பார்வதியம்மாளின் உள்ளங்கையும் மஞ்சளாக இருந்தது.

"சீந்தில் குடிச்சா டாக்டரே. நானாக்கும் குடுத்தது. முண்டுமுண்டா இருந்திச்சு. கசப்பு கூடுதல்னு எடுத்துட்டேன்."

"அது வேற கொடியா இருக்கும். அசல் சீந்திலே சிலருக்கு லிவரைக் கெடுக்கும். அட்மிட் ஆகணும். நீங்களும் குடிச்சோ? உங்க ரத்தமும் பார்க்கணும்."

"நான் குடிக்கல."

பார்வதியம்மாள் திரும்பினாள். "தெனமும் டம்ளரோட கொல்லைக்குப் போனீங்களே?"

"வாழைக்கு ஊத்தினேன்."

"வாழைக்கு என்ன சீக்கு?"



வார்டில் நர்ஸ் வரும்போதெல்லாம் எழுந்து நின்றார். "சரியாயிருமா சிஸ்டர்?" "நாளைக்கு ரத்தம் பார்த்தாத்தான் தெரியும்."

"கடை தொறக்கலியா?" என்றாள் பார்வதியம்மாள்.

"பயமாருக்கு."

"எனக்காகவா, கடைக்காகவா?"

"ரெண்டுக்கும்."

"நெசத்தச் சொல்லப் பழகிட்டீங்க" என்று கண்ணை மூடிக்கொண்டாள். மஞ்சள் கண் மறைந்தது அவருக்கு இன்னும் பயமாக இருந்தது. தோளைத் தொட்டு எழுப்பினார்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. தூங்கு."