ஆறிப்போன தேநீர்

போர் முடிந்து வவுணதீவில் எங்கள் வீட்டுக்கு மின்சாரம் வந்த பிறகுதான் நான் சினிமா மேதை ஆனேன். அதற்கு முன்பு ஜெனரேட்டரில் எண்ணெய் இருக்கும்வரைதான் படம். எண்ணெய் தீர்ந்தால் கதாநாயகன் பாதி அடியில் நிற்க, நாங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவோம். மிச்சக் கதையை நானே கட்டிக்கொள்வேன். அப்படி எத்தனையோ படங்களை முடித்துவைத்ததில், இயக்குநர்களைவிட எனக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும் என்ற எண்ணம் எப்படியோ வந்து ஒட்டிக்கொண்டது. அது ஒரு வியாதி என்பதைக் கல்யாணம் முடித்துக் கல்லடிக்கு வந்த பிறகு மற்றவர்கள்தான் கண்டுபிடித்தார்கள்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவான். நானும் ஒரு சூட்கேஸ், ஒரு சைக்கிள், ஒரு டிவிடி பிளேயர் ஆகிய சீர்வரிசைகளோடு போனேன். அங்கே மாமியும் மனைவியும் மட்டும். மாமாவை நான் புகைப்படத்தில்தான் பார்த்திருக்கிறேன். சுனாமி வந்த அன்று பௌர்ணமி. "இண்டைக்குப் பறுவம், மீன் வேணாம்" என்று மாமி சொல்லியிருக்கிறார். "மீனில்லாம எனக்குச் சோறு இறங்காது" என்று மறுத்துப் பேசிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனவர்தான். உடல்கூடக் கிடைக்கவில்லை. மாமி அதற்குப் பிறகும் நெற்றியில் பொட்டு வைத்துக்கொண்டார். அதைப் பற்றி அவரிடம் ஒருவரும் வாய் திறந்ததில்லை.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் அந்தப் படத்தை வாங்கி வந்தேன்.

டிவிடி கடைக்காரன் அதை நீட்டி, "மாஸ்டர், இது மூளையுள்ள ஆக்கள் பாக்கிற படம்" என்றான். டியூஷனில் விஞ்ஞானம் படிப்பிக்கிற ஒருவனிடம் இப்படிச் சொன்னால் அவன் வேறென்ன செய்வான்? தமிழில் குரல் மாற்றிய வெளிநாட்டுப் படம். கப்பலில் வேலை செய்கிற ஒருவன் புயலில் சிக்கிக் காணாமல் போகிறான். வீட்டுக்கு வந்துவிட்டதாகத் திரும்பத் திரும்பக் கனவு காண்கிறான். ஒவ்வொரு தடவையும் கப்பலின் சங்கொலி கேட்டு விழித்துக்கொள்கிறான். கடைசியில் தன் வீட்டுக் கதவைத் தட்டுகிறான். மனைவி திறக்கிறாள். மேசையில் தேநீர் இருக்கிறது. அவன் எடுத்து வாயருகே கொண்டுபோகும்போது சங்கொலி கேட்கிறது. திரை இருண்டுவிடுகிறது. அவ்வளவுதான்.

மற்ற எவனுக்கும் பாதிப் படத்திலேயே உறைத்திருக்கும். எனக்கு உறைக்கவில்லை. நான் ஒளிப்பதிவை ரசித்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட கையோடு மூவரும் உட்கார்ந்து பார்த்தோம். படம் முடிந்ததும் மாமி, பாக்கு வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "அப்பாடா, வந்திட்டான்" என்றார்.

"இல்ல மாமி, அது கனவு" என்றேன்.

"என்ன கனவு? கதவத் திறந்தாளே."

இதற்காகவே பிறந்தவன்போல ரிமோட்டை எடுத்தேன். முந்திய கனவுகளையெல்லாம் பின்னால் ஓட்டி, நிறுத்தி, திரையைத் தொட்டுத் தொட்டு விளக்கினேன். "கப்பல்ல குடிக்கிற தேத்தண்ணியில ஆவி பறக்குது. கனவில வாற தேத்தண்ணியில ஆவி இல்ல. இப்ப கடைசிக் காட்சியப் பாருங்க. ஆவி இருக்கா?"

மாமி திரைக்குக் கிட்டப் போய்ப் பார்த்தார். "இல்லதான். அவன் எப்ப வருவான் எண்டு தெரியாம ஊத்தி வச்ச தேத்தண்ணி ஆறாதா மகன்?"

இந்தப் பதில் எந்த விமர்சகனுக்கும் வந்திருக்காது. நானோ, மாமிக்குச் சினிமா மொழி விளங்கவில்லை என்று பெருமூச்சு விட்டேன்.

அன்று தொடங்கிய வழக்கு வாரக்கணக்கில் ஓடியது. தேங்காய் துருவும்போது, "அவன்ட கால் சப்பாத்தில சேறு இருந்திச்சே, கனவில சேறு ஒட்டுமா?" என்பார். நான் சைக்கிளில் ஒரு காலை வைத்தபடியே ஆழ்மனத்தைப் பற்றி விரிவுரை நிகழ்த்துவேன். வகுப்பில் இரத்த ஓட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டுக் கனவுக்குப் போனதும் உண்டு. பிள்ளைகள் சந்தோஷமாகக் கேட்டார்கள். பரீட்சையில் வராத எதையும் அவர்கள் சந்தோஷமாகக் கேட்பார்கள்.

ஒருநாள், காத்தான்குடியில் துணிக்கடை வைத்திருக்கும் என் நண்பன் வீட்டுக்கு வந்தான். கதையைச் சொல்லி அவனையே நடுவராக்கினேன். அவன் படத்தைப் பார்த்ததே இல்லை. மாமியை ஒரு தடவை, சுவரில் தொங்கிய மாமாவின் புகைப்படத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, "அவர் வந்திட்டாருதான் மாமி. இதில என்ன சந்தேகம்?" என்றான். பக்கத்து வீட்டுப் பெண்களும் அதையே சொல்லியிருந்தார்கள். வழக்கில் வென்ற மாமியோ "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். ஊரே தன் பக்கம் நின்றும் இந்த மனுஷிக்குத் திருப்தியில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

நண்பன் போனதும் மனைவி என்னைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"உங்கட மண்டைக்குள்ள என்னதான் இருக்கு? அம்மா ஆரப் பத்திக் கதைக்கிறா எண்டு விளங்கல்லையா? அப்பா வந்திட்டார் எண்டு அவ சொல்றா. நீங்க ஒவ்வொரு நாளும் இல்ல, கனவு, கனவு எண்டு சொல்றீங்க."

கிணற்றுக்குள் குதித்திருக்கலாம். தண்ணீர் குறைவாக இருந்தது. வெட்கத்தில் காது இரண்டும் எரிந்தன. மூளையுள்ள ஆட்கள் பார்க்கிற படத்தை நான் எந்த உறுப்பால் பார்த்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

இனித் திருந்துவது என்று முடிவெடுத்தேன். திருந்துவதையும் சும்மா செய்ய என்னால் முடியாதே. அடுத்த நாள் முழுக்க ஒத்திகை பார்த்து, வடை வாங்கிக்கொண்டு, பின்னேரம் மாமியின் முன்னால் போய் உட்கார்ந்தேன். குரலைத் தாழ்த்தி, "மாமி, நான் நல்லா யோசிச்சுப் பாத்தன். நீங்க சொன்னதுதான் சரி. அவன் வந்திட்டான்" என்றேன். கண்ணைக்கூடக் கொஞ்சம் கலங்கவைத்துக்கொண்டேன் என்றுதான் ஞாபகம்.

பாக்கு வெட்டி நின்றது.

"ஆர் சொல்லித் தந்த? மகளா?"

"இல்ல மாமி, நானாத்தான்..."

"பொய் சொல்ல வராது உங்களுக்கு. சும்மா இருங்க." மாமி வடைப் பையைத் தள்ளி வைத்தார். அவருக்கு அவ்வளவு கோபம் வந்து நான் பார்த்ததில்லை. "சுனாமிக்குப் பிறகு ஒருத்தரும் எனக்கு மறுப்புச் சொன்னதில்ல, மகன். கறியில உப்புக் கூடினாலும் நல்லாயிருக்கு எண்டு தின்னுறாங்க. அவரெண்டாச் சோத்தைத் தள்ளிப்போட்டு எழும்பியிருப்பார். நான் கிழக்கெண்டா அவர் மேற்கு. கடைசியாப் போகக்குள்ளயும் அப்பிடித்தான் போனவர். நீங்க ஒராள்தான் இந்த வீட்டுக்கு வந்து, இல்ல மாமி, பிழை மாமி எண்டு என்னோட மல்லுக்கு நிண்டீங்க. இப்ப நீங்களும் பாவம் பாக்கிறீங்களா?"

அந்த வீட்டில் நான் செய்த ஒரே உபகாரம் என் திமிர்தான் என்பதும், அதையும் திருந்துகிறேன் பேர்வழி என்று கெடுத்துவிட்டேன் என்பதும் மெல்ல மெல்ல விளங்கியது.

"கடல் கொண்டுபோனவர் வரமாட்டார் எண்டு எனக்குத் தெரியாதா?" என்றார் மாமி. இப்போது குரல் தணிந்திருந்தது. "ஆனா எல்லாரும் சேந்து வந்திட்டார், வந்திட்டார் எண்டு தலையாட்டினா, எனக்குத்தான் உள்ளுக்குள்ள இல்லையெண்டு கேக்குது. நீங்க கனவெண்டு சொல்லுங்க மகன். அப்பதான் நான் வந்திட்டான் எண்டு சொல்லலாம்."

இந்தத் தடவை எதையும் ஒத்திகை பார்த்திருக்கவில்லை.

"ஆவி பறக்கல்லையே மாமி" என்றேன்.

"சத்தமாச் சொல்லுங்க."

"தேத்தண்ணியில ஆவி இல்ல! அது கனவுதான்!"

மாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். கை நீட்டி ஒரு வடையை எடுத்துக்கொண்டார்.

"அது ஆறின தேத்தண்ணி" என்றார். "அவன் வந்திட்டான்."