சாவிக்காரர் திறக்காத பெட்டி

சாவிக்காரருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று உண்டு. சபைப் பதிவேட்டைப் புரட்டினால்தான் அது கிடைக்கும். மற்றபடி சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவர் சாவிக்காரர்தான். ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, "பரலோகத்துக்கும் ஒரு டூப்ளிகேட் போட்டு வச்சிருக்கீரா?" என்று யாராவது ஒருவர் வாரம் தவறாமல் கேட்பார். அவரும் வாரம் தவறாமல் சிரிப்பார்.

பேருந்து நிலையத்துக்கும் தபால் நிலையத்துக்கும் நடுவில் இருந்தது அவர் கடை. உள்ளே ஒரு ஆள் உட்காரலாம், இரண்டாவது ஆள் தலையை மட்டும் நீட்டலாம். சுவர் முழுக்க வெட்டாத சாவிகள் வரிசையாகத் தொங்கும். மேசையில் ஒரு வெட்டு இயந்திரம், நாலைந்து அரம், தோல்பையில் வளைந்த முனையுள்ள கம்பிகள் ஒரு கட்டு. இரும்புத்தூள் ஏறி ஏறி அவர் விரல் நுனிகள் கறுத்துப்போயிருந்தன. சோப்பு போட்டும் போகாத அந்தக் கறுப்போடுதான் திருவிருந்தில் அப்பத்தை வாங்குவார்.

தொழிலில் அவர் நெருப்பு. சோப்புக்கட்டியில் அச்சு எடுத்துக்கொண்டு வந்து, "இதுக்கு ஒரு சாவி போட்டுக் குடுங்க" என்று எவன் கேட்டாலும், எழுந்து நின்று அனுப்பிவிடுவார். வீட்டைப் பூட்டி சாவியைத் தொலைத்தவர்கள் அழைத்தால் போவார். கம்பியை உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டு விரலால் கேட்பார். ஆம், கேட்பார் என்றுதான் சொல்ல வேண்டும், அந்த விரலுக்குக் காது உண்டு. பூட்டு விடுபட்டதும் கதவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொள்வார். பிறத்தியார் வீட்டுக்குள் தம் கண் நுழையக்கூடாது என்பது அவருடைய சட்டம். இருபத்தெட்டு வருஷத்தில் ஒருநாள்கூட மீறியதில்லை.

ஊருக்குத்தான் உபதேசம் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள். இவ்வளவு யோக்கியமான மனுஷர் தம் வீட்டில் செய்த காரியத்தைக் கேளுங்கள்.

அவருக்கு ஒரே மகள். இரண்டு வருஷத்துக்கு முன்னால், அவள் வேலைக்குப் போயிருந்த ஒரு பகலில், அவளுடைய மேசை இழுப்பறையைத் திறந்தார். அதற்குக் கம்பிகூட வேண்டியிருக்கவில்லை, மனைவியின் கொண்டை ஊசியே போதுமாயிருந்தது. உள்ளே ஒரு பையன் எழுதிய கடிதங்கள் இருந்தன. படித்தார். படித்ததோடு விட்டாரா? அன்று சாப்பாட்டு மேசையில், மனைவியும் மைத்துனனும் இருக்கும்போது, மகளை எதிரே உட்கார வைத்துக்கொண்டு உரக்க வாசித்தார். "உன் நல்லதுக்குத்தான்" என்று ஒவ்வொரு கடிதத்துக்கும் நடுவில் சொல்லிக்கொண்டார். அந்தப் பையனை அறிமுகப்படுத்தியவள் மகளுடைய தோழி, மருந்துக்கடையில் வேலை செய்பவள், என்று தெரிந்ததும், மறுநாள் காலையில் அவளை நடுத்தெருவில் நிறுத்தி வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு வந்தார்.

அன்று சாயங்காலமே மகள் ஒரு பையோடு கிளம்பிவிட்டாள். வாசலில் நின்று அவள் கத்தவில்லை, அழவும் இல்லை. "ஊர்ல யார் வீட்டைத் திறந்தாலும் திரும்பி நிப்பீங்களேப்பா. எனக்கு மட்டும் ஏன் நிக்கல?" என்று கேட்டாள். பிறகு, "என் டிரங்குப் பெட்டியைத் தூக்க முடியல. இருக்கட்டும். அதை மட்டும் தொடாதீங்க" என்றாள். பெட்டியில் ஒரு புதுப் பித்தளைப் பூட்டு தொங்கியது. வேண்டுமென்றே வேறு கடையில் வாங்கியது. அந்தப் பையனையே கல்யாணம் செய்துகொண்டாள் என்று பிறகு கேள்விப்பட்டார்கள். தொலைபேசி எண்ணை மாற்றிவிட்டாள். எங்கே இருக்கிறாள் என்று தெரியவில்லை.

சாவிக்காரர் உடைந்துபோனார். கொஞ்ச நாள் கோபம் என்ற பெயரில் அதை மூடி வைத்திருந்தார், எத்தனை நாள் முடியும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எல்லாரும் போன பிறகு கடைசி பெஞ்சில் முழங்காலில் நின்று, செய்ததை ஆண்டவரிடம் ஒளிக்காமல் சொன்னார். இனி தனக்குச் சொந்தமில்லாத எதையும் உடையவர் சொல்லாமல் திறப்பதில்லை என்று வாக்குக் கொடுத்தார். மனம் லேசானது. ஆனால் வீட்டுக்குப் போனால் அந்தப் பெட்டி இருந்தது. ஆதியில் ஆண்டவர் மனுஷனுக்குக் கொடுத்த தோட்டத்தில் எத்தனையோ மரம் இருக்க, வேண்டாம் என்று சொன்ன ஒரே மரத்தின் மேல்தானே கண் போயிற்று. இவருக்கும் ஊர்ப் பூட்டு அத்தனையும் இருக்க, கண் போனது இந்தப் பித்தளைப் பூட்டின் மேல்தான். அறையைப் பெருக்கும்போதெல்லாம் பெட்டியைச் சுற்றிப் பெருக்குவார்.

இப்படி ஒன்றே முக்கால் வருஷம் ஓடியது. அப்போதுதான் மனைவிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. மாடிப்படி நாலு ஏறினால் உட்கார்ந்துவிடுவாள். இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லை, அறுவை சிகிச்சை செய்தே ஆக வேண்டும் என்றார் மருத்துவர். அடுத்த வியாழக்கிழமை என்று நாள் குறித்தார்கள்.

மனைவி பயப்படவில்லை. ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள். "ஏங்க, வியாழக்கிழமைக்கு முன்னால அவளை ஒரு தடவை பாத்துட்டாப் போதும்."

சாவிக்காரர் தெரிந்தவர்களிடமெல்லாம் விசாரித்தார். யாருக்கும் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை அக்காவைப் பார்க்க வந்த மைத்துனன் யோசனை சொன்னான். இவன் தங்கமான பையன், ஆனால் எல்லாவற்றுக்கும் குறுக்கு வழி ஒன்று வைத்திருப்பான்.

"மச்சான், வெண்ணெயைக் கையில வச்சுக்கிட்டு நெய்க்கு அலையிறீங்களே. அந்தப் பெட்டியில கடுதாசி, அட்ரஸ்னு ஏதாவது இருக்காதா? உங்க கைக்கு அரை நிமிஷம்."

"அதைத் தொட மாட்டேன்னு சொல்லியிருக்கேன்."

"யார்கிட்ட?"

"ஆண்டவர்கிட்ட."

"அக்கா உயிரை விடவா? ஆண்டவரே இதைத் தப்புன்னு சொல்ல மாட்டார்."

சாவிக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் ஆமென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மைத்துனனுடைய வாதத்தை அவர் தாங்கிவிட்டார், இதைத்தான் தாங்க முடியவில்லை.

சனிக்கிழமை மதியம் மனைவி தூங்கிக்கொண்டிருந்தாள். சாவிக்காரர் தோல்பையை எடுத்துக்கொண்டு மகளின் அறைக்குள் போனார். பெட்டியின் முன்னால் முழங்கால் போட்டார். பூட்டைத் திறக்க அப்படித்தான் உட்கார வேண்டும், ஜெபத்துக்கும் அதே இருப்புதான், எதற்காக அப்படி உட்கார்ந்தார் என்று அவருக்கே ஒரு நிமிஷம் விளங்கவில்லை. மெல்லிய கம்பி ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் துவாரத்துக்குள் விட்டார். நாலு லீவர் பூட்டு, உள்ளே இருக்கும் நாலு தகடும் எழும்பினால்தான் திறக்கும். முதல் லீவர் அவர் விரலுக்குப் பணிந்து எழும்பியது.

"மக நல்லதுக்குத்தானே" என்று வாய் தானாக முணுமுணுத்தது.

கை நின்றுவிட்டது. இதே வார்த்தையைத்தான் போன தடவையும் இந்த வாய் சொன்னது. வனாந்தரத்தில் நாற்பது நாள் பட்டினி கிடந்த ஆண்டவரிடம் சோதனைக்காரன் போய், கொலை செய் கொள்ளையடி என்றா சொன்னான்? பசிக்கிறதே, இந்தக் கல்லை அப்பமாக்கிக்கொள் என்றான். பசித்தவனுக்கு அப்பம் தப்பா? அப்பத்தில் தப்பில்லை. யார் பேச்சைக் கேட்டு அதை எடுக்கிறோம் என்பதில் இருக்கிறது எல்லாம். சாவிக்காரர் இதை நூறு பிரசங்கத்தில் கேட்டிருக்கிறார். கம்பியும் கையுமாக இருக்கும்போது கேட்டது இதுதான் முதல் தடவை.

கம்பியை வெளியே இழுத்தார். லீவர் கீழே விழுந்த சத்தம் அவருக்கு மட்டும் கேட்டது. "ஆண்டவரே, இதை விட்டா எனக்கு வேற வழி தெரியாது" என்று வாய்விட்டுச் சொன்னார்.

சொன்ன மாத்திரத்திலேயே, அது பொய் என்று அவருக்குத் தெரிந்தது. வேறு வழி ஒன்று இருந்தது. முதல் நாளிலிருந்தே இருந்தது. மருந்துக்கடைத் தோழியிடம் போய்க் கேட்கலாம். அவளுக்குத் தெரியாமல் இருக்காது. ஊரெல்லாம் விசாரித்தவர் அந்த ஒரு கடைப் பக்கம் மட்டும் ஏன் போகவில்லை? போனால் முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டுமே. மனஸ்தாபம் உள்ளவனிடம் முதலில் போய்விட்டு அப்புறம் பலிபீடத்துக்கு வா என்பது ஆண்டவர் போட்ட சட்டம், அதைத்தான் இவர் வசதியாக மறந்திருந்தார். ஒரு சின்னப் பெண்ணின் முன்னால் தலை குனிவதைவிட, சொந்த மகளின் பூட்டில் கம்பி விடுவது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. அதை நினைத்ததும் வெட்கம் பிடுங்கித் தின்றது. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

மருந்துக்கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள். வரிசையில் நின்றார். அவர் முறை வந்ததும் அந்தப் பெண் முகத்தை இரும்பாக்கிக்கொண்டு, "என்ன மருந்து?" என்றாள்.

"மருந்துக்கு வரலம்மா. உன்னை நடுத்தெருவில நாலு பேர் முன்னால பேசினேன். அதனால மன்னிப்பும் நாலு பேர் முன்னாலதான் கேக்கணும். நான் பேசினது தப்பு. என்னை மன்னிச்சிடு."

பின்னால் இருமல் மருந்துக்காக நின்ற பெரியவர் இருமுவதையே மறந்துவிட்டார். தோழி கையிலிருந்த மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அவ நம்பர் வேணுமா? தர மாட்டேன். குடுக்க மாட்டேன்னு அவளுக்குச் சத்தியம் பண்ணியிருக்கேன்."

"தர வேண்டாம். நீ சத்தியத்தை மீற வேண்டாம். அவங்க அம்மாவுக்கு வியாழக்கிழமை ஆபரேஷன், பாக்கணும்னு ஆசைப்படுறா. அதை மட்டும் சொல்லிடு."

"நீங்க சொன்னதா சொல்லவா?"

"சொல்லு. கேட்டுட்டு அவ வராட்டியும் சரி."

வராட்டியும் சரி என்று அவர் சொன்னாரே தவிர, ஒன்றும் சரியாக இல்லை. ஞாயிறு போனது. திங்கள் போனது. மைத்துனன் வந்து பூட்டைப் பார்த்துவிட்டு, "அரை நிமிஷ வேலையை மூணு நாளாக்கிட்டீங்களே" என்று தலையில் அடித்துக்கொண்டான். சாவிக்காரர் கடையில் ஒரு சாவியைத் தப்பாக வெட்டினார், அவர் கை அப்படித் தவறி யாரும் பார்த்ததில்லை. கீழ்ப்படிந்தால் உடனே கூலி கிடைக்கும் என்று நினைப்பவர்கள் அந்த மூன்று நாளை அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு மகள் வந்தாள்.

நேராக அம்மாவிடம் போனாள். அடுத்த ஒரு மணி நேரம் அந்த அறையிலிருந்து அழுகையும் சிரிப்பும் மாறி மாறி வந்தது. சாவிக்காரர் அடுப்படியிலேயே நின்று, காய்ந்த பாத்திரங்களை மறுபடி கழுவினார். பிறகு மகள் தன் அறைக்குப் போனாள். அவளும் சாவிக்காரர் மகள். குனிந்து, கைப்பேசி வெளிச்சத்தைப் பூட்டின் துவாரத்தில் அடித்துப் பார்த்தாள். பித்தளையில் கம்பி உரசிய கோடு புதிதாக மின்னியது. அவள் நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

சாவிக்காரரோடு அறை வாசலுக்கு வந்திருந்த மைத்துனன் முந்திக்கொண்டான். "அது ஒண்ணுமில்லம்மா. தூசி தட்டும்போது ஏதாவது பட்டிருக்கும்."

அந்தப் பொய் அவ்வளவு சுலபமாக இருந்தது. சாவிக்காரர் தலையை ஆட்டினால் போதும், வாயைக்கூடத் திறக்க வேண்டாம். ஆட்டினால் மகள் ஒருவேளை தங்கிவிடுவாள். ஆட்டாவிட்டால் போய்விடுவாள், மனைவி மகளைப் பார்த்த சந்தோஷம் ஒரு மணி நேரத்தோடு முடிந்துவிடும். கதவு நிலையில் கையை ஊன்றிக்கொண்டார்.

"தூசி இல்லம்மா. நான்தான். சனிக்கிழமை மத்தியானம் கம்பியை உள்ள விட்டேன்."

"எது வரைக்கும்?"

"முதல் லீவர். அது எழும்பிச்சு. அதோட எடுத்துட்டேன்."

"ஏன் எடுத்தீங்க?"

"உன் நல்லதுக்குன்னு என் வாய் சொல்லிச்சு. போன தடவையும் அதைத்தான் சொல்லிச்சு. பயந்துட்டேன். நீ நம்பணும்னு கேக்கல. நடந்தது அதுதான்."

அப்பா இப்படித் தலை குனிந்து மகள் பார்த்ததில்லை. தோளிலிருந்து பையை இறக்கிப் பெட்டியின் மேல் வைத்தாள். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஆமான்னு தலையாட்டியிருந்தீங்கன்னா, இந்நேரம் படி இறங்கியிருப்பேன்" என்றாள். குரல் உடைந்தது. "திறந்திருந்தாலும் ஒண்ணும் கிடைச்சிருக்காதுப்பா. இதுல பழைய ஸ்வெட்டரும் காலேஜ் நோட்டும்தான் இருக்கு."

சாவிக்காரர் அழுதார். ஆம்பிளை அழலாமா என்று கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளட்டும், அவர் அழுதார். மைத்துனன் தனக்கு ஏதோ வேலை இருப்பதாகச் சொல்லி நழுவினான்.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரி நடைபாதையில் அப்பாவும் மகளும் ஒரே பெஞ்சில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு ஆள் உட்காரும் அளவு இடைவெளி இருந்தது. இரண்டு வருஷத்தை ஒரே நாளில் ஈடுகட்ட முடியுமா என்ன? மருத்துவர் வெளியே வந்து, எல்லாம் நல்லபடியாக முடிந்தது, சாயங்காலம் பார்க்கலாம் என்றார். சாவிக்காரர் கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொன்னார். கண்ணைத் திறந்தபோது மகள் ஒரு துண்டுக் காகிதத்தில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள்.

"எங்க வீட்டு வாசக்கதவுப் பூட்டு ஒழுங்கா விழ மாட்டேங்குதுப்பா. அவர் ரெண்டு தடவை கழட்டி மாட்டினார். முன்னாடி மக்கர் பண்ணிச்சு, இப்ப மொத்தமா படுத்துடுச்சு."

காகிதத்தை நீட்டினாள். தெரு, வீட்டு எண், எத்தனையாவது மாடி என்று எல்லாம் இருந்தது. கறுத்த விரல்களால் அதை ஓரமாகப் பிடித்து வாங்கினார்.

"நாளைக்கே வரட்டுமாம்மா?"

"நான் வீட்ல இருக்கும்போது வாங்க."

"சரிம்மா. நீ சொல்ற நேரத்துக்கு."

"ஞாயித்துக்கிழமை கோயில் முடிஞ்சதும் வாங்க. மணி அடிங்க. நானே வந்து திறக்கிறேன்" என்றாள்.